பைக் ஓட்டத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு கோவா போகிறோம். ஜெட் ஸ்கி ஓட்டியே தீருவேன் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். பைக் பிரமாதமாக ஓட்டுவான். பயமில்லாமல் அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பைக் பழக்கத்தைச் செருப்போடு கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். எதிரே படகு வந்தால் பைக்காரரின் கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிடும். ஜெட் ஸ்கியில் ஆபத்தே அதுதான். பின்பக்கம் பீய்ச்சியடிக்கும் தண்ணீரை இடமோ வலமோ திருப்பித்தான் அது வளைகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் பீய்ச்சல் அடங்கிவிடும். அப்புறம் ஹேண்டில்பாரை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி முன்பு போன திசையிலேயே நேராகப் போய் மோதும். பல வண்டிகளில் பிரேக்கும் கிடையாது. (சீ-டூ என்ற பிராண்டின் 2009 மாடலில் பிரேக் வந்தது. வாடகை வண்டியில் அதை நம்பி ஏறாதீர்கள்.) ஆகவே தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். நெருங்கிவிட்டால், ஆக்ஸிலேட்டரை விடாமல் திருப்பி விலக வேண்டும். ஆளில்லாத தண்ணீரில் இதை முதலில் பழகச் சொல்லுங்கள்.

நீச்சல் வீரனானாலும் லைஃப் ஜாக்கெட் கொக்கிகள் அத்தனையும் பூட்டியிருக்க வேண்டும். கில் ஸ்விட்ச் கயிறு மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருந்தால்தான் அவன் விழுந்ததும் இன்ஜின் நிற்கும்.

ஆசைப்பட்டு நீங்களும் பின்னால் ஏறுவீர்கள், தெரியும். மகனை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாக விழுபவரின் உடலுக்குள் அந்தப் பீய்ச்சல் புகுந்து குடலைக்கூடக் கிழித்துவிடும். வெறும் நீச்சலுடை அதைத் தாங்காது. வெட்சூட் கால்சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.