குடத்தில் ஆள் இல்லை: படப்பிடிப்பு உதவியாளனைப் பற்றிய ஒரு தருக்க விசாரம்

உலகத்துப் பொருள்களையெல்லாம் வகுத்து எண்ணப் புகுந்த வைசேஷிகர் திரவியம் முதலாக ஆறு பதார்த்தங்களைக் கூறி அமைந்தாராக, பின்வந்தோர் அவை போதா என்று கண்டு, அபாவம் என்னும் இன்மையையும் ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்தனர் என்பதும், அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கித் தந்தமையால் இக்கொள்கை நம்மவர்க்கும் பழக்கமானதே என்பதும் கற்றோர் அறிந்தவை. ஆயினும் இன்மையையே ஜீவனோபாயமாகக் கொண்டு, அதற்குத் தினக்கூலியும் பேட்டாவும் பெற்று, யூனிட் சாப்பாட்டில் பசியாறும் ஒரு வகுப்பார் சென்னைப் பட்டணத்தில் உளர் என்பதை எந்தத் தருக்க நூலாரும் குறிக்காமல் விட்டது பெருங்குறையேயாகும். விளம்பரப் புகைப்படக் கலைஞர்களின் உதவியாளர்களையே சொல்லுகிறேன். அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இச்சிற்றாராய்ச்சியின் பிரயோஜனம்.

களம் பலவாயினும், எவர்சில்வர் குடத்தைப் படம் பிடிக்கும் களத்தையே முதற்கண் கொள்வோம். 'தரையில் குடம் இல்லை' என்பது இன்மைக்குத் தருக்க நூலார் தொன்றுதொட்டுக் காட்டிவரும் உதாரணம். நமது களத்திலோ குடம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்காக ஆனி மாதத்துப் புழுக்கத்தில், விளக்குகளின் நடுவே, பஞ்சால் துடைக்கப்பட்டு, விரல் ரேகை ஒன்றும் படாமல் வீற்றிருக்கிறது. இல்லாதிருக்க வேண்டியது ஆள். 'குடத்தில் ஆள் இல்லை' என்பதே இங்கே சாதிக்க வேண்டிய பிரதிக்ஞை.

இது சாதிப்பதற்கு எளிதன்று. சமதளக் கண்ணாடி தனக்கு எதிரே உள்ளதை மட்டுமே காட்டும். குடத்தின் வயிறோ குவிந்த ஆடியாதலால், எதிரே உள்ளதையும் பக்கங்களில் உள்ளதையும் கூரையையும் கதவையும், கதவருகே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கடைக்காரரின் பிரதிநிதியையும், அனைத்தையும் சிறிதாக்கி, வளைத்து, ஒன்றுவிடாமல் தன்னுள் அடக்கிக் காட்டும் இயல்பினது. ஆகவே குடத்தைச் சுற்றிப் பட்டர் பேப்பரால் வெண்கூடாரம் எழுப்பி, அதில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் வெட்டி, ஒளி போதாத பக்கத்தில் தெர்மகோல் பலகையை ஏந்தி, குடத்துக்கு விளிம்பு வேண்டிய பக்கத்தில் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகைக்கும் அட்டைக்கும் பின்னால் உதவியாளன் தன்னை இல்லாமல் செய்துகொள்ள வேண்டும். அவன் கறுப்புச் சட்டை அணிவதன் காரணமும் இதுவே. வேறு சமய, அரசியல் காரணங்களைக் கற்பிப்பது பிழை. கரண்டியைப் படம் பிடிக்கும் நாளில் அவன் நிலை இன்னும் பரிதாபகரமானது. கரண்டியின் உட்குழி அவனைத் தலைகீழாகவும், புறம் நேராகவும் காட்டுமாதலால், ஒரே பகலில் இருவேறு விதமாக அவன் மறைந்தாக வேண்டியிருக்கிறது.

இங்கே பூர்வபக்ஷி எழுந்து, 'போலரைசர் ஃபில்டரை லென்ஸின் முன் மாட்டித் திருகினால் பிரதிபிம்பம் நீங்குமே. ஆள் ஏன் ஒளிய வேண்டும்?' என்று ஆக்ஷேபிப்பான். 1808இல் மாலுஸும், 1815இல் புரூஸ்டரும் ஆராய்ந்து கூறிய துருவ ஒளியின் தத்துவம், கண்ணாடி, நீர் முதலிய பொருள்களின் மேற்பரப்பில் பட்டு மீளும் ஒளிக்கே நன்கு பொருந்தும். பளபளக்கும் உலோகத்தினிடம் அந்த ஃபில்டர் எவ்வளவு திருகியும் பெரும்பயன் தராது. 'ஆயின் 1990 முதல் வழங்கிவரும் ஃபோட்டோஷாப் என்னும் கணிப்பொறிக் கருவியால் அழிக்கலாமே?' என்று அவன் மீண்டும் வாதிப்பானாகில், அழிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவ்வாறு இரவு முழுவதும் கண்விழித்து அழிக்க நியமிக்கப்படுபவன் அதே உதவியாளன் ஆதலால், தன்னைத் தானே அழித்தல் என்னும் கிளேசம் விளைகிறது. தத்துவ நூல்களில் உயர்ந்த நிலையாகப் போற்றப்படும் இதற்குப் படப்பிடிப்புத் துறையில் ஓவர்டைம் கிடையாது.

இனி அபாவத்தின் வகைகள். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னுள்ள இன்மையாகிய பிராகபாவம் உதவியாளனுக்குப் பொருந்தாது. எவரும் வருமுன்னரே வந்து, ஸ்டாண்டுகளை விரித்து, அவற்றின் காலில் மணல் மூட்டையைச் சாத்தி, ட்ரிக்கருக்குப் புது பேட்டரி போட்டு நிற்பவன் அவன். குடம் துணி அன்று என்பது போன்ற அந்நியோந்நியாபாவத்தில் நமக்கு இப்போது காரியமில்லை. பிரத்வம்சாபாவமே, அதாவது உண்டாகி அழிந்தபின் நேரும் இன்மையே, ஊன்றி ஆராயத்தக்கது.

பட்டுப்புடவை விளம்பரத்துக்குரிய மணமகள் ஒப்பனை அறையில் சடைபின்னிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில், அவள் நிற்கவேண்டிய இடத்தில், அவளுக்காகவே அமைந்த மண்டப அலங்காரத்தின் நடுவே, மூன்று நாள் தாடியுடன் ஓர் இளைஞன், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஒளியை மீட்டுத் தரும் சாம்பல் நிற அட்டையை மார்பின் முன் பிடித்து, 'தம்பி, முகத்தைக் கொஞ்சம் திருப்பு. வெட்கப்படுகிற மாதிரி கீழே பார். அப்படியே இரு' என்னும் கட்டளைக்குப் பணிந்து, நாணிக் கோணி நிற்கிறான். விளக்கை இரட்டிப்புத் தூரத்துக்கு நகர்த்தினால் ஒளி காற்பங்காகக் குறையும் என்ற விதியை அவனுடைய கன்னத்தில் வைத்தே சோதிக்கிறார்கள். மணமகள் வந்து நின்ற மாத்திரத்தில் அவன் நாணிய படங்கள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் சினிமா நக்ஷத்திரங்களின் பெயரைச் சொல்லுவோர் இவ்விஷயத்தை எண்ணிப் பார்த்தவர் அல்லர்.

சரித்திரச் சான்றும் ஒன்று உண்டு. 1838இல் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றை டாகேர் படம் பிடித்தபோது, தகடு ஒளியை ஏற்கப் பல நிமிஷங்கள் பிடித்தமையால், ஓடிய வண்டிகளும் நடந்த ஜனங்களும் பதியாது போக, பாதரக்ஷைக்கு மெருகிட்டுக்கொள்ள அசையாது நின்ற ஒருவர் மாத்திரம் தெளிவாகப் பதிந்தார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களுள் ஒன்றென்று அது கொண்டாடப்படுகிறது. மெருகிட்டவனோ கை அசைந்துகொண்டே இருந்தபடியால் மங்கிக் கிடக்கிறான். காசு கொடுப்பவர் துலங்குவதும் வேலை செய்பவன் மங்குவதும் இக்கலையின் தொடக்கத்திலேயே ஸ்தாபிதமாகிவிட்டன என்பது என் துணிபு.

இதனை வாசிக்கும் அன்பர்கள், வரும் ஆடியில் வீட்டு வாசலில் விழும் விளம்பரத் தாளில் குடத்தையோ கரண்டியையோ கண்டால், பூதக்கண்ணாடி கொண்டு அதன் வயிற்றைச் சோதித்து, மனித உருவம் ஏதேனும் தென்படுமாயின் எனக்கு எழுதியருள வேண்டுகிறேன். அது கலைஞருடையதாகவோ கடைக்காரருடைய பிரதிநிதியினுடையதாகவோ இருக்கும். உதவியாளன் அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.