உங்கட ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ

நேற்றுக் காலையும் அதே கதைதான். தேத்தண்ணியும் கையுமாக இருந்து ஒரு தமிழ் வானொலியைப் போட்டேன். எந்த வானொலி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் வெள்ளிக்கிழமை கோயிலில் யாராவது மறித்துக் கேட்பார்கள். ஒரு நேயர் தொடர்பில் வந்தார்.

"வணக்கம்."

"வணக்கம், வணக்கம். ஆர் கதைக்கிறீங்கள்?"

"நான்தான் பிள்ளை."

"ஓ, அங்கிளா! சுகமா இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன். நீங்கள்?"

"நாங்களும் சுகம். அங்க வெதர் எப்பிடி?"

அங்கிள் பேசுவது இல்ஃபோர்டிலிருந்து. அறிவிப்பாளர் பிள்ளை இருப்பதும் லண்டனில்தான். இரண்டு பேர் தலையிலும் ஒரே மழை. அதை இருவரும் ஆற அமர உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பிறகு, "அங்கிள், உங்கட ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ, எக்கோ அடிக்குது." அங்கிள் எழுந்து போனார். கதவு திறந்தது, கதிரை இழுபட்டது, யாரோ இருமினார்கள். இதெல்லாம் ஒலிபரப்பாகிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வந்து பாட்டின் பெயரைச் சொன்னபோது விளம்பர நேரம் வந்துவிட்டது. நகைக்கடை, குடிவரவு வழக்கறிஞர், கல்யாண மண்டபம். பாட்டில் பல்லவி மட்டும் கேட்டது.

"பிடிக்காட்டி நிப்பாட்டுங்கோவன்" என்றாள் மனைவி. நிப்பாட்டுவதா? பிறகு எதைத் திட்டுவது?

ஆகவே, வானொலி என்றால் என்ன என்று காட்டுவதற்காக, அறுபதுகளில் இலங்கை வானொலியின் ஒரு முழு நாள் எப்படி இருந்தது என்பதை விடியல் தொடங்கி இரவு வரை ஒழுங்காகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். முடிவில் ஒரு முக்கியமான கருத்தும் இருக்கிறது. பொறுமையாக வாருங்கள்.

முதலில் ரேடியோப் பெட்டி. வால்வு ரேடியோ. தலையில் அம்மா பின்னிய லேஸ் துணி. முடுக்கினால் உடனே பேசாது, சூடாக வேண்டும். மூலையில் இருக்கும் பச்சைக் கண் மெல்ல மெல்ல விழிக்கும். அதன் நடுவே உள்ள நிழல் ஒடுங்கி நின்றால் அலைவரிசை சரியாகப் பிடிபட்டது என்று அர்த்தம். ஏரியல் கம்பி கூரையிலிருந்து முற்றத்துத் தென்னை மரத்துக்குப் போகும். திருகியைத் தொடும் உரிமை அப்பாவுக்கு மட்டும். வருடா வருடம் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டியவரும் அவர்தானே!

இலங்கை வானொலியில் அப்பா தேசிய சேவைக் கட்சி. செய்தி, கர்நாடக சங்கீதம், பேச்சு. வீட்டின் மீதிப் பேரெல்லாம் 1950இல் தொடங்கிய வர்த்தக சேவைக் கட்சி. காலையில் பக்திப் பாடல்கள்: இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் மூன்றுக்கும் பங்கு உண்டு. பிறகு செய்தி. அதன்பின் வர்த்தக சேவையில் பிறந்தநாள் வாழ்த்து.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிறந்தநாள் வாழ்த்து என்றால் பிறந்தநாளைப் பற்றியது என்று நினைப்பீர்கள். இல்லை. அது சொந்தக்காரரின் இடாப்பு. "இன்று தனது மூன்றாவது பிறந்தநாளைக் கொண்டாடும்" செல்வனோ செல்வியோ பற்றி ஒரு வரி. பிறகு வாழ்த்துவோர்: அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, மாமா, மாமி, ஆசை மாமா, கொழும்பு மாமா, மச்சான், மச்சாள், மற்றும் பக்கத்து வீட்டார். அறிவிப்பாளர் மூச்சு வாங்காமல் வாசிப்பார். ஒரே சுருதி, பிசிறே இல்லை.

எங்கள் வீட்டில் தம்பிக்கு இப்படி ஒரு வாழ்த்து அனுப்பியது நினைவிருக்கிறது. தபாலட்டையில் எழுதியவர் அம்மா. அட்டையோ உள்ளங்கை அகலம், சொந்தமோ அரை வட்டாரம். முதல் தகராறு வரிசை பற்றியது: அப்பப்பா முதலிலா, அம்மப்பா முதலிலா? அப்பப்பா உயிரோடு இல்லை, ஆனாலும் பெயர் வர வேண்டும் என்றார் அப்பா. செத்தவர் எப்படி வாழ்த்துவார் என்றார் அம்மா. மேலே இருந்து வாழ்த்துவார் என்றார் அப்பா. இரண்டாவது தகராறு மாமி பற்றியது. அம்மாவுக்கும் மாமிக்கும் அந்த மாதம் பேச்சுவார்த்தை இல்லை. எனவே "மாமா, மாமி" என்ற இடத்தில் "மாமா" மட்டும் வந்தது. அட்டையில் இடமில்லை என்பது அம்மாவின் வாதம். "மாமி" என்பது இரண்டே எழுத்து என்பது மாமாவின் வாதம். பக்கத்து வீட்டாருக்கு மட்டும் எப்படி இடம் வந்தது என்பது மாமியின் வாதம், அதுவும் வேலிக்கு அப்பால் நின்று, ஊருக்கே கேட்கும்படி. வாழ்த்து ஒலிபரப்பான அன்று எங்கள் முற்றத்தில் கூடியவர்களில் ஒருவர்கூடத் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பெயருக்குக் காது கொடுத்து நின்றார்கள். பெயர் வந்தவர் மற்றவரைப் பார்த்தார். வராதவர் தென்னை மரத்தைப் பார்த்தார். தம்பி கேக்கோடு தனியாக இருந்தான்.

இப்போது யோசித்தால், இல்ஃபோர்ட் அங்கிள் அந்த மாமாவின் வாரிசுதான். அப்போது தபாலட்டை, இப்போது கைப்பேசி. பாட்டு யாருக்கு வேண்டும்? பெயர் காற்றில் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரே வேறுபாடு, அன்று வாசிக்க ஒரு அறிவிப்பாளர் இருந்தார். எஸ். பி. மயில்வாகனம் பேசினால் பேசட்டும், பாட்டுப் பிறகு வரட்டும் என்று காத்திருந்தோம். தமிழ்நாட்டிலும் காத்திருந்தார்கள். டெல்லியில் அமைச்சர் கேஸ்கர் 1952இல் பொறுப்பேற்று அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, அங்குள்ள சனம் கொழும்பின் பக்கம் திருகியைத் திருப்பியது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக வைத்த பெரிய ஒலிபரப்பி எங்கள் கையில் இருந்ததால் சத்தமும் துல்லியம். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பலர் பழக்கத்தை விடவில்லை.

எங்கே விட்டேன்? காலை. இன்னும் காலைதான்.

வேலிக்கு அப்பால், அதாவது இப்போது நான் இருக்கும் செவன் கிங்ஸ் வீட்டு வேலிக்கு அப்பால், ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார். வைக்கரேஜ் லேனில் இருந்த பிளெஸ்ஸி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். போரின்போது அந்தக் கம்பெனி கட்டி முடியாத சென்ட்ரல் லைன் சுரங்கத்துக்குள் இறங்கிக் கருவிகள் செய்தது. அந்தக் கதையை ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். வானொலி என்று எடுத்தால் அவருக்கும் கண் சிவக்கும். பிபிசியின் 'மியூசிக் வைல் யூ வேர்க்' நிகழ்ச்சியை 1967இல் நிறுத்தினார்கள், அத்தோடு நாடு போயிற்று என்பது அவர் கட்சி. அதே வருடம் செப்டம்பர் 30இல் பிபிசி தன் வானொலிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கம் போட்டது. அதே வருடம் ஜனவரியில் எங்கள் ரேடியோ சிலோனும் கூட்டுத்தாபனமாயிற்று. இரண்டு கிழவரும் ஒரே வருடத்தைத்தான் திட்டுகிறோம். அவர் செப்டம்பரில் இருந்து, நான் ஜனவரியில் இருந்து.

சரி, வேகமாக முடிக்கிறேன். பகலில் பாடசாலை ஒலிபரப்பு, மாதருக்கு ஒரு நேரம். மாலையில் சிறுவருக்கு. கமக்காரருக்கு உரம், பூச்சி, வெங்காயம். வெங்காயம் நடாத நானும் அதைக் கேட்டேன். அப்பா நிப்பாட்ட விடவில்லை. இரவில் நாடகம். தயாரிப்பாளர் சானா காலத்து 'லண்டன் கந்தையா' நாடகத்துக்கு வயிறு குலுங்கச் சிரித்த ஊர் எங்களுடையது. இன்று அந்த ஊரில் பாதி லண்டனில் கந்தையாவாக இருக்கிறது, யாரும் சிரிப்பதில்லை.

அந்த முக்கியமான கருத்துக்கு இடம் போதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் பேரன் காதில் செருகிக்கொண்டு தனக்குப் பிடித்த பாட்டை மட்டும் கேட்கிறான். அது முடிந்தால் அதைப் போலவே இன்னொன்று வருகிறது. மிருதங்கத் தனியாவர்த்தனமும் வெங்காயப் பூச்சியும் அவன் காதுக்குள் ஒருநாளும் போகப்போவதில்லை. இதை முன்னேற்றம் என்கிறார்கள். பிடிக்காததைக் கால்மணி நேரம் பொறுத்துக் கேட்கத் தெரியாதவனோடு ஒரு வீட்டில் இருப்பது கடினம். என்னோடு இருப்பதும் கடினம்தான் என்கிறாள் மனைவி. அவளுக்கு அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்ததும் இலங்கை வானொலிதான்.