சர்வர் துரை அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர் (பத்திரத்தின்படி), திருச்சி.
பெறுநர்: உயர்திரு சர்வர் அவர்கள், கிளவுட் தலைமையகம், மும்பையோ சிங்கப்பூரோ வர்ஜீனியாவோ.
பொருள்: படுக்கையறை விளக்கை அணைக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட மேற்படி வீட்டில் ஸ்மார்ட் பல்புகள், பிளக்குகள், ஒரு ஸ்பீக்கர், வாசலில் ஒரு கேமரா ஆகியவை பணியில் உள்ளன. அவற்றோடு நானும் மனைவியும் மாமியாரும் வசிக்கிறோம்.

முதல் பல்பைப் பணியில் சேர்த்த அன்றே தங்கள் நிர்வாகத்தின் நேர்த்தி புரிந்துவிட்டது. பெயர், மின்னஞ்சல், ஓடிபி எல்லாம் கொடுத்தேன். நான் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும் என்றீர்கள். பல்புக்கு நேர் கீழே, ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். பல்பு கண் சிமிட்டியது, போனில் வட்டம் சுற்றியது, ‘இணைக்க முடியவில்லை’ என்று தீர்ப்பு வந்தது. காரணம் சொல்லும் வழக்கம் தங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் வந்து சொன்னான்: “அங்கிள், இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் எடுக்கும். உங்க ரவுட்டர்ல 2.4, 5 ரெண்டுக்கும் ஒரே பேரு. பிரிச்சு வேற வேற பேர் வைங்க.” பல்புப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் அதைத் தாங்களும் அச்சடித்திருந்தீர்கள் என்பதை மறுக்கவில்லை.

அடுத்து மின்வெட்டு. எங்கள் பக்கம் நள்ளிரவில் கரண்ட் போய் இரண்டு மணிக்கு வருவது புதிதல்ல. வந்ததும் எல்லா ஸ்மார்ட் பல்பும் முழு வெள்ளையில் எரிகின்றன. யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்பது பல்பின் நினைப்பு. போனில் அணைக்கலாம் என்றால் ரவுட்டர் அப்போதுதான் எழுந்து சோம்பல் முறிக்கிறது. கரண்ட் வந்தால் பழைய நிலையிலேயே இரு என்று சொல்ல ஆப்பில் ஓர் இடம் உண்டாம். சில பல்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. கடையில் 1 கோடியே 60 லட்சம் நிறங்களைப் பற்றிச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. இப்போது ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறோம். தாங்கள் விழித்திருக்க நாங்கள் பேட்டரி தருகிறோம்.

மாமியார் மீது தாங்கள் தொடர்ந்து அனுப்பிவரும் புகார்களும் கிடைத்தன. ‘சாதனம் தொடர்பில் இல்லை’ என்று தினமும் ஒன்பதரை மணிக்கு வருகிறது. அவர் படுக்கும் முன் சுவரில் சுவிட்சை அணைப்பவர். அணைத்தால் பல்புக்குக் கரண்ட் கிடையாது, தங்கள் ஆணையும் செல்லாது. “மாப்ள, நான் அணைச்சது அதுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, தங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

ஸ்பீக்கருக்கு ஆங்கிலம் தெரியும், இந்தி தெரியும். தமிழில் ஃபேனைப் போடச் சொன்னால் மன்னிப்புக் கேட்கிறது, ஆங்கிலத்தில். எந்த ஊரில் வந்து இதைச் செய்கிறோம் என்று அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

குளியலறை ஹீட்டர் 3000 வாட். 13 ஆம்பியர் இழுக்கும். அதை 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டலாமா என்று தங்கள் சாட்பாட்டிடம் கேட்டேன். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று அது கேட்டது. எலக்ட்ரீஷியன் ஒரே வார்த்தையில் முடித்தார்: “உருகிடும் சார்.”

தங்கள் குலத்தில் நிகழ்ந்த மறைவுகளுக்கும் இங்கே இரங்கல் தெரிவிக்க வேண்டும். வீட்டுச் சாதனங்களை ஒன்றிணைக்கும் ரிவால்வ் என்ற, சுமார் 300 டாலர் விலை கொண்ட ஹப்பை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, ஹப்பும் நின்றது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. 2021 டிசம்பர் 7 அன்று வர்ஜீனியாவில் அமேசானின் சர்வர்கள் மயங்கி விழ, அமெரிக்காவில் அழைப்புமணி கேமராக்களும் வீடு கூட்டும் ரோபோக்களும் வேலைநிறுத்தம் செய்தன. விளக்குமாற்றுக்கு இப்படி ஒரு நாளும் நேர்ந்ததில்லை.

ஆகவே ஐயா, எங்கள் கோரிக்கை பிரிவினை அல்ல, சுயாட்சிதான். வெளியூர் போகும்போது வாசல் கேமராவைக் காட்டுங்கள், அது தங்கள் துறை. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் உத்தரவு எதற்குக் கடல் கடந்து வர வேண்டும்? 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற தரத்தில் சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி இருக்கிறது. இனி அந்த முத்திரை உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்குவோம். பல்புக்குப் பதிலாகச் சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூலுக்கு மாறவும் தீர்மானித்துள்ளோம். சுவரிலும் அணைக்கலாம், போனிலும் அணைக்கலாம். எலக்ட்ரீஷியன் பெட்டியைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இதுல பேஸ் மட்டும்தான் இருக்கு, நியூட்ரல் இழுக்கணும்” என்றார். செலவுதான். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் மாட்யூலும் இருக்கிறதாம், எல்லா எல்ஈடிக்கும் ஒத்துவராதாம். ஹாலில் நியூட்ரல் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வேலை முடிந்து, இம்மனு மீது தங்கள் ஆணையும் வரும்வரை, மேற்படி வீட்டின் அனைத்து சுவிட்ச் போர்டுகளுக்கும் மாமியார் முழு கூடுதல் பொறுப்பு வகிப்பார் எனப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள யூசர்