மலிவுக் கண்காணிப்புக் கேமரா: கொள்முதலும் புதுப்பித்தலும்

1. வரையறையும் பாகுபாடும்

வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்களுள் மலிவு வகை, ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கப்பட்டு, வைஃபை வழியாகக் கைபேசியோடு இணைக்கப்பட்டு, பீரோவிலுள்ள நகையையும் வாசலிலுள்ள செருப்பையும் ஒருங்கே காக்கும் பொறுப்பை ஏற்பது. மெமரி கார்டு அந்த விலையில் அடங்காது. இவ்வுண்மை பெட்டியைப் பிரித்த பின்னரே வெளிப்படும்.

பொருளிலக்கணத்தின் அகம், புறம் என்னும் பாகுபாடு இக்கருவிக்கும் முழுமையாகப் பொருந்தும். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அமர்ந்து தலையை இடவலமாகத் திருப்புவது அகக் கேமரா. வாசல், மாடிப்படி, கார் நிற்குமிடம் ஆகியவற்றைப் பார்த்தபடி வெயிலையும் மழையையும் தாங்குவது புறக் கேமரா. புறக் கேமராவின் பெட்டியில் ஐபி66, ஐபி67 போன்ற குறிகள் இருக்கும். அவற்றின் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் தண்ணீரையும் தாங்கும் திறனைச் சொல்லும். அக்குறி இல்லாத அகக் கேமராவைப் பாலிதீன் பையால் போர்த்தி வாசலில் கட்டும் வழக்கும் உண்டு. இது திணைமயக்கம் எனப்படும். ஐப்பசி மழையோடு முடிவுறும்.

2. வரலாறு

தொலைவிலிருந்து கேமரா வழியே கண்காணிக்கும் முறை 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் தொடங்குகிறது. வி-2 ராக்கெட் கிளம்புவதை அருகில் நின்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து என்பதால், பொறியாளர் வால்ட்டர் புருக் அங்கே மூடிய சுற்றுத் தொலைக்காட்சியை அமைத்தார்.

அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் 1966இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2 அன்று காப்புரிமை பெற்றார். கதவிலுள்ள துளைகளின் வழியே வந்தவரைப் பார்க்கும் கேமரா, அவரை உள்ளறையில் காட்டும் திரை, பேச ஒலிவாங்கி, இருந்த இடத்திலிருந்தே தாழ் திறக்கும் வசதி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. இன்றைய விளம்பரங்கள் புதுமை என்று அறிவிப்பவற்றுள் பெரும்பகுதி, ஆகவே, அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது.

இணையக் கண்காணிப்பின் முதற்பொருள் திருடன் அல்லன், காபி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், மாடிப்படிகள் பல கடந்து போய்க் காலிக் குடுவையைக் கண்டு திரும்பிய ஆய்வாளர்கள், 1991இல் அந்தக் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தனர். 1993இல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. 2001இல் கேமரா அணைக்கப்படும்வரை குடுவை திருட்டுப் போகவில்லை; அதன்பின் ஏலம் போனது.

தமிழ்நாட்டில் இக்கருவியைப் பரப்பியதில் சென்னை மாநகரக் காவல்துறைக்குப் பங்கு உண்டு. 'மூன்றாவது கண்' என்ற பெயரில் அது நடத்திய பரப்புரைக்குப் பின், தெருவுக்குத் தெரு கேமராக்கள் முளைத்தன.

3. கொள்முதல்

கொள்முதலுக்குரிய நிமித்தங்கள் மூன்று: அடுத்த தெருவில் நடந்த திருட்டு, எதிர்வீட்டார் வாங்கிவிட்டமை, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன் பெற்றோரைப் பற்றிக் கொள்ளும் கவலை. இவற்றுள் இரண்டாவதே வலிமை மிக்கது.

வாங்குவோர் முதலில் கேட்பது மெகாபிக்சல். 1080பி எனப்படும் படத்தில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. எண் பெரிது. ஆனால் 90 பாகை அகலம் பார்க்கும் கேமரா, பத்து மீட்டர் தொலைவில் இருபது மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்கவேண்டும். மீட்டருக்கு 96 புள்ளிகள் என்றால், ஒரு முகத்துக்குக் கிடைப்பவை பதினைந்துக்குள். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமற அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. அதன்படி திருடன் நான்கு மீட்டருக்குள் வந்து, முகத்தைத் தூக்கி, சற்று நிற்கவேண்டும். அதற்கு அப்பால் அவனுக்கும் பால்காரருக்கும் வேறுபாடு காண்பது பார்ப்பவரின் முன்முடிவைப் பொறுத்தது.

அடுத்தது மெமரி கார்டு. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் இடைவிடாது பதிவு செய்தால் நாளொன்றுக்கு 10.8 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஆறு நாள்களுக்குள் நிரம்பும். பின் பழைய காட்சிகளை அழித்து மேலே எழுதும். காணாமற்போன பொருளை வீட்டார் பத்தாம் நாள் தேடத் தொடங்குவது மரபாதலால், இவ்விரு கால அளவுகளும் சந்திப்பதில்லை. இரவும் பகலும் அழித்தெழுதுவதால் சாதாரணக் கார்டு விரைவில் தேய்ந்துபோகும். தேய்ந்துவிட்டதைக் கேமரா அறிவிக்கலாம், அறிவிக்காமலும் விடலாம்.

இரவில் வண்ணத்தில் தெரியுமா, ஆள் வந்தால் சைரன் அடிக்குமா, தலை முழுச்சுற்றும் திரும்புமா என்பன கடையில் கேட்கப்படும் ஏனைய வினாக்கள். கேட்கப்படாத வினா ஒன்று உண்டு: இதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதை உற்பத்தியாளரே சொல்லியாக வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதற்கும் அங்கே தடை. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியுள்ளது. எனினும் கடையில் கைக்கொள்ளப்படும் சோதனை, பெட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பதே.

4. நிறுவலும் பயனும்

நிறுவுபவர் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த பேரன். கைபேசியில் தோன்றும் க்யூஆர் கட்டத்தைக் கேமராவின் கண்ணுக்கு நேராகப் பிடிக்க, அது ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும். இணைப்பு கிடைக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் ரூட்டரில் இருக்கும்: மலிவுக் கேமராக்களுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸை அறியா. இணையத்திலிருந்து நேரம் பெறாத கேமரா தன் படத்தின் மூலையில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டக்கூடும். கணினிக் காலக்கணக்கின் தொடக்கப் புள்ளி இந்திய நேரத்தில் அதுவே. அந்நிலையில் பதிவாகும் களவு, சட்டப்படி ஐம்பது ஆண்டுக்கு முந்தையதாகிவிடும்.

இரவில் கேமரா அகச்சிவப்பு விளக்கால் பார்க்கிறது. பக்கத்திலுள்ள வாசல் விளக்கைப் பூச்சி நாடும். பூச்சியைச் சிலந்தியும் பல்லியும் நாடும். சிலந்தி கண்ணாடிக்கு முன்னே கட்டிய வலை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப, திரை முழுதும் வெள்ளையாகும். காட்சியில் புள்ளிகள் மாறினால் அசைவு என்று கொள்வது எளிய கேமராவின் தருக்கம். ஆகையால் பல்லியின் வால், திரைச்சீலை, துளசிச் செடியின் நிழல் எல்லாம் ஊடுருவலாளர் பட்டியலில் சேர்ந்து, கைபேசி ஓயாமல் மணியடிக்கும். சில நாள்களில் வீட்டார் அறிவிப்புகளை அணைத்துவிடுவர். திருடன் வரவேண்டிய முறையான காலம் அதன் பிறகே.

மின்வெட்டின்போது கூடத்து ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடும், ரூட்டர் ஓடாது. இந்த ஏற்பாட்டைத் திருடரிடமிருந்து மறைக்கவேண்டும்.

கேமரா நடைமுறையில் கண்டுபிடிப்பவை வேறு. கேட்டைத் தாழிடாமல் போனவர் யார், சிலிண்டர்காரர் உண்மையிலேயே மணி அடித்தாரா, மாத்திரை போட்டுவிட்டதாகச் சொன்ன தாத்தா போட்டாரா ஆகியன இதனால் தீர்ந்துள்ளன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் எத்தனை மணிக்கு வந்தார் என்பதும் தீர்ந்துள்ளது. சம்பளம் எத்தனை ஆண்டுகளாக ஏறவில்லை என்பதைப் பதியும் கேமரா இன்னும் விற்பனைக்கு வரவில்லை. ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்வோரிடையே எழுந்த வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. காவலுக்கு வந்த கருவி வழக்குக்குப் பொருளானது இவ்வாறு.

5. புதுப்பித்தல்

கேமராவுக்குள் ஒரு சிறு கணினி இருக்கிறது. அதை இயக்கும் ஃபர்ம்வேரில் ஓட்டைகள் காணப்படும்போது உற்பத்தியாளர் அனுப்பும் திருத்தமே அப்டேட். அதைக் கைக்கொள்ளும் முறை நான்கு நிலைகளை உடையது: அறிவிப்பு, 'பிறகு' என்னும் பொத்தான், மறதி, மீண்டும் அறிவிப்பு. ஐந்தாம் நிலையை எட்டும் வீடுகளில் பெரும்பாலும் வேறொரு தடை காத்திருக்கும். கணக்குத் தொடங்கப்பட்டது மருமகனின் மின்னஞ்சலில். ஓடிபி அவருக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார்.

கடவுச்சொல் மாற்றுவதையும் இவ்வாறே தள்ளிப்போட்டதன் விளைவு 2016இல் உலகுக்குத் தெரிந்தது. மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடி, 60 சொச்சம் பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே புகுந்தது. அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள் டின் என்னும் நிறுவனத்தின், இணையதள முகவரிகளுக்கு வழிகாட்டும் கணினிகளை ஒருசேரத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை அமெரிக்காவில் முடங்கின. தன் வீட்டு வாசலைக் காத்தபடியே கேமரா பிறர் வீட்டை இடித்த பெரும் நிகழ்வு இது. மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்ததால், மின்சாரம் போனால் அழிந்துவிடும். அவ்வகையில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஒரு சிகிச்சையே. ஆயினும் கடவுச்சொல் மாறாதவரை, மின்சாரம் திரும்பியதும் நோயும் திரும்பும்.

அகக் கேமராவில் பிறர் கண் புகும் ஆபத்து இன்னும் கூர்மையானது. அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டப்படுவதில்லை. அகக் கேமராவிலோ ஆள், குரல், நேரம் எல்லாம் பதிவாகின்றன. ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டுக் காட்சிகளைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனம் 2023இல் 58 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

அப்டேட் செய்யும்போது மின்சாரம் போனால், மாற்றுப் பிரதி வைத்திராத கேமரா செங்கல்லாகிவிடும். ஆகவே அதை இன்வெர்ட்டர் இணைப்பில் செய்யவேண்டும். உற்பத்தியாளர் அப்டேட்டை நிறுத்திய பிறகும் கேமரா ஓடும். ஓடுவதாலேயே எவரும் அதை மாற்றுவதில்லை.

6. முடிபு

கேமராவின் விலை வாங்கிய அன்று தீர்வதில்லை; எஞ்சியது கடவுச்சொல்லாகவும் அப்டேட்டாகவும் தவணையில் செலுத்தப்படும். அப்டேட் வரும் கேமராவையே வீட்டுக்குள் வைக்கலாம். வருமா என்று தெரியாததை வாசலோடு நிறுத்தி, விருந்தினருக்கான தனி வைஃபையில் இணைக்கலாம். அப்டேட் நின்றுபோனதை இணையத்திலிருந்து பிரித்து, மெமரி கார்டில் மட்டும் பதியவிடலாம். அதற்கும் இணங்காததைக் கழற்றி உள்ளிருப்பவற்றை நீக்கிவிட்டு, உறையை மட்டும் பழைய இடத்தில் மாட்டிவைக்கலாம். கீழே நிற்பவனுக்கு வேறுபாடு தெரியாது. உறைக்கு அப்டேட்டும் தேவையில்லை.