நிலைத்தெப்பம்

வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பத் திருவிழாவை எப்படி ஒப்பேற்றினோம் என்பது மதுரைக்காரர்களுக்கு மறந்திருக்காது. காய்ந்த குளத்தில் தெப்பத்தைத் தரையிலேயே நிறுத்தி, ‘நிலைத்தெப்பம்’ என்று அதற்கொரு பெயரும் வைத்து விழாவை முடித்தோம். மறுநாள் அதே தரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆகவே, மிதக்காத படகைப் பற்றிப் பேச மதுரைக்காரனைவிடத் தகுதியானவன் தமிழ்நாட்டில் கிடையாது. கடல் எங்களுக்குச் சில மணி நேரப் பயணம். ஆனால் ராமநாதபுரத்துக் கடலின் வழக்குகள் எங்கள் ஊர் உயர் நீதிமன்றக் கிளைக்கு வருகின்றன. மீன் எங்கள் சட்டிக்கு வருகிறது. இரண்டும் ஐஸில் கிடந்துதான் வந்து சேருகின்றன.

அந்த ராமநாதபுரத்துக் கரையில், மண்டபம் பக்கம் ஒரு ஃபைபர் படகுப் பட்டறைக்குப் போயிருந்தேன். பழைய மர வள்ளம் ஒன்றைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பிளவுகளில் பட்டி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் ரெசினையும் கண்ணாடி இழைப் பாயையும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன். காய்ந்ததும் உரித்தால் அது அச்சு. அந்த அச்சுக்குள் மறுபடி இதே வேலையைச் செய்தால் புதுப் படகு. ஒரு கிழட்டு வள்ளத்திடமிருந்து எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படகு ஒன்றைத் தடவிப் பார்த்தேன். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு புடைப்பு.

“இது என்னப்பா?”

“அது வள்ளக்காரரோட தாத்தா காலத்துல பலகை ஒட்டுப் போட்ட இடம்ணே. அச்சுல அப்படியே விழுந்துருச்சு. எல்லாப் படகுலயும் வரும்.”

படாத அடிக்கு ஒட்டு! சிரித்தேன். ஆனால் அவனைக் குறைசொல்ல வாய் வரவில்லை. அவன் நகலெடுப்பது இந்தத் தண்ணீருக்கென்றே செதுக்கிய உடம்பை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஏழெட்டுப் பாகத்தை (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) தாண்டாத தட்டுக்கடல். அடியில் கடற்புல், அதை மேய ஆவுளியா என்கிற கடற்பசு, புல்லுக்குள் இறாலும் நண்டும் குஞ்சும் குளுவானும். அந்த ஆழத்தைப் பார்த்து வள்ளத்துக்கும் வத்தைக்கும் வயிறு வைத்தவன் எந்தக் கல்லூரியிலும் படித்தவனில்லை. அவன் போட்ட ஒட்டைக்கூட மாற்றாமல் எடுக்கிற பேரனிடம் குறைந்தபட்சம் மரியாதையாவது இருக்கிறது.

கெட்ட நகல் எடுத்தவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். 1953இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய - நார்வே திட்டம் அறுபதுகளில் மண்டபத்துக்கும் வந்தது. மீனவன் வாழ்வு உயர வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். நடுவில் இறாலுக்கு அமெரிக்காவும் ஜப்பானும் டாலரில் விலை சொன்னதும், மீனவன் வாழ்வு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. விசைப்படகுக்கு மானியம், இன்ஜினுக்கு மானியம், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடிக்குப் பயிற்சி. ஐரோப்பாவின் குளிர்கடலில் பழகிய மடியைக் கொண்டுவந்து, ஆள்மேல் ஆளாகப் பத்துப் பேர் நின்றால் தலை வெளியே தெரியும் கடலில் இறக்கினார்கள். சமவெளிக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்: நட்ட வயலில் பரம்பு அடித்தார்கள். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள், அரை நூற்றாண்டாக.

மடியில் விழுவதில் விலை போவது போக மிச்சத்துக்கு ராமேஸ்வரத்தில் ‘சங்காயம்’ என்று பெயர். குஞ்சு, முட்டை வைத்த நண்டு, பேர் தெரியாத ஜீவன்கள் எல்லாம் குவியலாக மீன்தூள் ஆலைக்குப் போகும். அங்கிருந்து கோழித் தீவனத்துக்கு. நாளைக்கு வஞ்சிரமாக வரவேண்டியது இன்றைக்கு ஆம்லெட்டாக வருகிறது.

சட்டம் இல்லாமலில்லை. கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு அப்பால் சில மைல் போனால் இலங்கை எல்லைக்கோடு. இடையில் கிடக்கும் பட்டையில் ஆயிரக்கணக்கான விசைப்படகுகள் எதைப் பிடிக்கும் என்று மானியம் கொடுத்தவர்கள் யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டின. தாண்டிய பிறகு நடப்பதற்கெல்லாம் ஓர் அச்சு இருக்கிறது. கைது, சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு கடிதம், வெளியுறவுத் துறையின் கவலை, விடுதலை, மறுபடி கைது. கட்சி மாறும், முதல்வர் மாறுவார், கடிதத்தில் தேதியும் மீனவர்களின் எண்ணிக்கையும் மாறும். தாத்தா காலத்து ஒட்டு மட்டும் அதே இடத்தில் புடைத்துக்கொண்டிருக்கும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் யார்? உள்நாட்டுப் போரில் கடலுக்குப் போகவே தடை வாங்கிக் கிடந்து, 2009க்குப் பிறகு கடன்வாங்கி வலை வாங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழன். இரவில் நம் மடி அவன் வலையை இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் நம் மேடையில் ‘தொப்புள்கொடி உறவு’ என்று ஒருவரின் குரல் தழுதழுக்கிறது. கொடியை அறுத்த கத்திக்கு டீசலில் மானியம் யார் கொடுத்தது என்று கேட்டால் தமிழினத் துரோகி என்பார்கள்; கேட்டுவிட்டேன். இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம்மிடம் பிடித்த 105 படகுகளை 2022 பிப்ரவரியில் ஏலம் விட்டது. தாண்டச் சொல்லிப் பழக்கியவர்கள் யாருடைய நாற்காலியும் ஏலத்துக்கு வரவில்லை. கூலிக்குப் போய்ச் சிறையில் கிடந்தவனுக்கு அந்தப் படகில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை.

அதே 2017இல் நம் பக்கம் மிதக்காமல் போன இரண்டுக்கு வருவோம். அந்த வருஷம் ஏப்ரல் 21ஆம் தேதி அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை விட்டார். தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்காம். காற்று வந்தது, அட்டைகள் கரை ஒதுங்கின. செலவு பத்து லட்சம் என்று செய்தி. நாம் சிரித்தோம், இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கண்மாய்களில் தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் கட்டி, அதன்மேல் சம்மணமிட்டு வலைபோடுகிறவரைக் கேட்டிருந்தால், தெர்மாகோல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று ஓசியிலேயே சொல்லியிருப்பார்.

அடுத்த மூன்று மாதத்தில், ஜூலை 27ஆம் தேதி, ராமேஸ்வரத்தில் பிரதமரே வந்து ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பாக் விரிகுடாவின் விசைப்படகுகளில் 2,000 படகுகளை ஒழித்துவிட்டு, ஆழ்கடல் படகு தருவது. ஒன்று 80 லட்சம். மொத்தம் 1,600 கோடி. மூன்றே வருஷம். படகில் பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் கொடுக்கும். மீதி 24 லட்சத்துக்கு மீனவன் கைக்காசும் வங்கிக் கடனும். ஓரிரவு போய்க் காலையில் திரும்புகிறவனிடம், வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடந்து தூண்டில்கயிறு விட்டுச் சூரை பிடி என்றார்கள். படகு கொச்சியில் கட்டினார்கள். அது வந்து நிற்க ராமேஸ்வரத்துக் கரையில் ஆழமில்லை. ஆழ்கடல் தெரிந்த குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் இந்தத் திட்டம் பிறப்பதற்கு வெகு முன்பிருந்தே தங்கள் படகைத் தாங்களே கட்டிக்கொண்டு அரபிக்கடலைத் தாண்டிப் போய்வருகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வாரம் உட்கார வைத்திருந்தால் போதும். ஆனால் அதற்குத் திறப்புவிழா வைக்க முடியாதே.

2020 வந்தது, போனது. 2,000 என்ற இலக்கின் பக்கத்தில்கூடப் படகுகள் போகவில்லை. பத்து லட்சம் மிதக்காததற்கு வருஷக்கணக்கில் மீம்ஸ் போட்ட நாம், 1,600 கோடி தரைதட்டியதற்கு ஒரு மீம் போடவில்லை. தெர்மாகோல் கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் அமைச்சர் செய்த ஒரே தவறு. கோப்பில் தரைதட்டுவதை யாரும் படம் பிடிப்பதில்லை.

தானம் கொடுத்தவர்களும் சளைத்தவர்களில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அன்னதானம் மாதிரிப் படகுதானம் நடந்தது. பல ஊர்களில் அலை அடித்துக்கொண்டு போனதைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கரைக்கு வந்தன. அவசரத்தில் ஒட்டிய பாய் சீக்கிரமே கீறிக்கொண்டது. நன்கொடையாளர் பெயர் எழுதிய பெயின்ட் மட்டும் நல்ல பெயின்ட்.

அப்புறம் நாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரிமேட்டிலும் மாட்டுத்தாவணியிலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஐஸ் மீனா என்று அதட்டி, கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போடும் மதுரை மகாஜனங்கள். மீனைப் பற்றி நமக்குத் தெரியாத கேள்வியில்லை. ஒன்றைத் தவிர.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதையும் கேட்டுப் பாருங்கள்: “இது எதுல பட்டதுண்ணே? தூண்டிலா, வழிவலையா, இழுவைமடியா?” கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பரவாயில்லை, பதில் வரும்வரை நில்லுங்கள்.