கத்துனது கட்டில், கத்துக்கிட்டது நான்

ஏலே பேராண்டி, கட்டில் கத்துதா? புரண்டு படுத்தா கிரீச்சுங்குதா? அதுக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? வா, இந்தத் திண்ணையில உக்காரு. வெத்தலைய இடிச்சுக்கிட்டே சொல்லுதேன்.

மொதல்ல ஒரு கேள்வி. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தியா?

பாத்திருக்க மாட்ட. செல்போனைத்தான் பாத்திருப்ப. மெட்ராசுல இருக்க என் மூத்த பேரனும் உன்னைய மாதிரிதான். கட்டில் சத்தம் போட்ட அன்னைக்கு ராத்திரியே செல்லுல எதையோ இறக்கி, அது எத்தனை டெசிபல்னு அளந்தான். அளந்தா? கட்டில் வெக்கப்பட்டு வாயை மூடிருமா? மறுநாள் ஏழு வீடியோ பாத்தான். ஒருத்தன் மெத்தைய மாத்துங்கான். ஒருத்தன் தலை வைக்கித திசை சரியில்லங்கான். இன்னொருத்தன் வெள்ளைக்காரன் படம் போட்ட டப்பாவக் காட்டி, புஸ்ஸுனு அடிங்கான். கடைசியில இவன் இருபத்திரெண்டாயிரம் ரூவாய்க்கு மெத்தை வாங்கிப் போட்டான். இப்ப மெத்தை மெத்துமெத்துனு இருக்கு. கட்டில் பழையபடி கத்துது. செருப்பு கடிச்சா காலையாலே மாத்துவ?

கட்டில் ஏன் கத்துது? பேயுமில்ல, பிசாசுமில்ல. ரெண்டு மரம் ஒண்ணோட ஒண்ணு உரசுது, அவ்வளவுதான். ஒண்ணு இன்னொண்ண இறுக்கிப் பிடிக்கும். பொறவு பொசுக்குனு வழுக்கும். திரும்பப் பிடிக்கும், திரும்ப வழுக்கும். அதான் சத்தம். அந்தக் காலத்துக் கமலை உருளை கத்துனதும் இதே கணக்குதான். பிடில் கம்பி மேல வில்லு போனா வருதே, அதுவும் இதே கணக்குதான். பிடிலுக்கு டிக்கெட்டு எடுத்துக் கை தட்டுத. கட்டிலுக்கு மட்டும் காதைப் பொத்துத.

வெட்டிப் போட்ட மரமும் சும்மா கிடக்காது பாத்துக்கோ. ஐப்பசி, கார்த்திகையில ஈரத்தைக் குடிச்சு உப்பும். சித்திரை, வைகாசியில காஞ்சு சுருங்கும். நீளவாக்குல சுருங்குதது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்குலதான் வேலையக் காட்டும். மழைக்காலத்துல மூட்டுத் துளைக்குள்ள கெட்டியா இருந்த சட்டம் கோடையில தொளதொளன்னு ஆயிரும். நீ வேற விடிய விடிய ஏசியப் போட்டு அறையில இருக்க ஈரத்தையும் உறிஞ்சிருத. உன் உதடே வெடிக்குது. மரம் மட்டும் என்ன செய்யும்?

எங்க அய்யா கட்டில் ஒண்ணு இருந்துச்சு. செங்கோட்டையில வாங்குன தேக்கு. இரும்பு ஆணி ஒண்ணு கிடையாது. சட்டத்து நுனிய நாக்கு மாதிரி செதுக்கி, காலுல துளை போட்டு இறக்கி, ஆப்பு அடிச்சு முடுக்குனது. நாலு ஆள் சேந்தாத்தான் நகத்த முடியும். அது கத்தாதுன்னு நினைக்கியா? நல்லாக் கத்துச்சு! பழைய சாமான் எல்லாம் பத்தரைமாத்துன்னு பேச நான் என்ன மேடை ஏறியா நிக்கேன்? எனக்குக் கல்யாணம் ஆன வருசம், நல்ல கோடை. அது போட்ட சத்தத்துல அடுத்த அறையில எங்க ஆச்சி தொண்டையச் செருமுவா. அதுக்கு மேல உனக்குச் சொல்ல மாட்டேன். ஆசாரியக் கூப்பிட்டா, எதுக்குய்யான்னு கேப்பாரு. ஊரே சிரிக்கும். நானே ஒரு மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு, மல்லாக்க அடியில போயிப் படுத்தேன். கத்துனது கட்டில், கத்துக்கிட்டது நான்.

என்ன செய்யணும்னா, மெத்தையத் தூக்கிக் கீழ போடு. யாரையாச்சும் ஓரத்துல உக்கார வச்சு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடச் சொல்லு. பொண்டாட்டியக் கூப்பிட்டா, "இதுக்குத்தான் என்னையக் கட்டுனீயளா"ம்பா. பக்கத்து வீட்டுச் சின்னப் பயலக் கூப்பிடு, காசு வாங்காமக் குதிப்பான். நீ குனிஞ்சு ஒவ்வொரு மூட்டுலயும் உள்ளங்கைய வச்சுப் பாரு. காதை நம்பாத. தலைமாட்டுல கத்துத மாதிரி இருக்கும், சத்தம் கால்மாட்டுல இருந்து வரும். கை ஏமாத்தாது. எந்த மூட்டு உள்ளங்கையில குறுகுறுங்குதோ, அவன்தான் திருடன்.

குறுக்குப் பலகை சட்டத்து மேல உரசுதா? பலகையத் தூக்கி, உரசுத ரெண்டு பக்கமும் மெழுகுவத்திய வச்சு நல்லாத் தேயி. மெழுகு இல்லையா, துணி சோப்பைத் தேயி. இல்ல, பழைய சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு நறுக்கி நடுவுல வையி. இதுக்குன்னே சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டா நறுக்கிப் பொட்டலம் கட்டி, வீட்டுக்கே கொண்டாந்து விக்கானாமே? விக்கட்டும். வாங்குதவன் இருக்கான்லா.

எண்ணெய மட்டும் ஊத்திராத. தேங்கா எண்ணெய ஊத்துனா ரெண்டு நாள் சும்மா இருக்கும். பொறவு மரம் குடிச்சிரும், தூசி அப்பும். பின்னால பசை போட்டு ஒட்டலாம்னு போனா, எண்ணெய் பட்ட இடத்துல பசை பிடிக்காது. கதவுக் கீலுக்குப் பாக்குத வைத்தியத்த மூட்டுக்குப் பாக்கலாமா?

உன் கட்டிலு என்ன மரம்னு கேட்டேன். "இன்ஜினியர்டு வுட் தாத்தா"ன்னு சொன்ன. அது எந்தக் காலேசுல படிச்சுது? மரத்தூளைப் பசை போட்டு அழுத்துன பலகை, பேரு மட்டும் பட்டணத்துப் பேரு. போகட்டும், வாங்கிட்ட. அதுல போல்ட்டு, ஸ்க்ரூ எல்லாம் ஆட ஆடத் தளரும். முடுக்கு. ஆனா உன் சண்டியர்த்தனத்த அதுல காட்டாத. அந்தத் தூள் பலகையில மரை பிச்சுக்கிட்டு வந்திரும். வந்திருச்சா, கலங்காத. நம்ம கோயில்பட்டித் தீக்குச்சி ரெண்டு எடு. மருந்தை உதுத்துட்டு, பெவிகால்ல முக்கி ஓட்டைக்குள்ள சொருகு. நீட்டிக்கிட்டு இருக்கதை நறுக்கிரு. ஒரு நாள் காயட்டும். பொறவு ஸ்க்ரூவ இறக்கிப் பாரு, கப்புனு கடிக்கும்.

இதெல்லாம் செஞ்சும் கத்துச்சுன்னா தரையப் பாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிச் சிரிக்கோமே, கட்டில் விசயத்துல அந்தப் பிள்ளை சொன்னதும் நிசமா இருக்கலாம். வழவழன்னு டைல்ஸ் போட்டிருப்ப. ஒரு கால் மட்டும் தரையில படாம, நூலளவு அந்தரத்துல நிக்கும். அந்தக் காலுக்கு அடியில பழைய கல்யாணப் பத்திரிகைய மடிச்சு வையி. அதுதான் வீடு நிறைய இருக்குமே. தடிப் பத்திரிகையாப் பாத்து எடு. பவுசுக்கு அடிச்சது ஒண்ணாவது பிரயோசனப்படட்டும்.

இவ்வளவுதாம்லே. அஞ்சு ரூவா மெழுகுவத்தி, அரை மணி நேரம், கொஞ்சம் முதுகு வலி. என் பேரன் கட்டில்ல என்ன கோளாறுன்னு கேக்கலயே? பொங்கலுக்கு அங்க போனப்போ பாத்தேன். கால்மாட்டுல ஒரு போல்ட்டு ஒன்றரைச் சுத்து தளந்து கிடந்துச்சு. முடுக்குனேன், சத்தம் நின்னுருச்சு. அவனுக்குச் சந்தோசமான்னு கேட்டா இல்ல. "இவ்வளவுதானா தாத்தா"ன்னு முகம் சுண்டிப் போயிட்டான். இருபத்திரெண்டாயிரம்லா!

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். கட்டிலோட 'ட' மாதிரி வளைஞ்ச குட்டிக் கம்பி ஒண்ணு வந்திருக்குமே, ஆலன் கீயாமே. அதைத் தூக்கி எறிஞ்சிராத. ஒரு நூலைக் கட்டி கட்டிலுக்கு அடியிலயே தொங்க விடு. வார சித்திரையில கட்டில் மறுபடியும் உன்னையக் கூப்பிடும்.