உப்பை இழுக்குமா?

‘சதுரங்க வேட்டை’ வெளிவந்தது 2014 ஜூலையில். மரக்காணத்தில் என் சித்தப்பா அதை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. எந்தச் சேனலில் எத்தனை மணிக்குப் போட்டாலும் டிவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சித்தி மட்டும் திறப்பார்: “பரீட்சைக்குப் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர் ஆயிருப்பாரு.”

எச். வினோத்தின் முதல் படம் அது. தயாரித்தவர் மனோபாலா. ஊரை ஏய்த்துப் பிழைக்கிற நாயகனுக்குக் காந்தி பாபு என்று பெயர் வைத்தார்கள், அதிலேயே பாதி நகைச்சுவை முடிந்துவிட்டது. அந்த வேடத்துக்கு நட்ராஜைப் பிடித்தது மீதிப் பாதி. ‘பிளாக் ஃபிரைடே’, ‘ஜப் வி மெட்’ என்று இந்திப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர். எதிரே நிற்பவன் முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்று தெரிந்த ஆள், ஏமாற்றுக்காரன் வேஷத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

படத்தின் ஆரம்பத்திலேயே மண்ணுளிப் பாம்பு வந்துவிடும். இளவரசு செட்டியாராக வந்து அதை வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்தப் பாம்புக்கு இரண்டு தலை என்பது ஊர்க்கதை. வால் மொண்ணையாகத் தலை போலவே இருக்கும், அவ்வளவுதான். எடை கூடக் கூட லட்சம் கோடியாகும் என்று சொல்லி விற்பார்கள். வாங்குகிறவரும் ஒரு நாள் மருந்தாகும், ஏற்றுமதியாகும் என்று அதற்குத் தீனி போட்டு வளர்ப்பார். இந்தத் தொழிலின் மூளை எங்கே இருக்கிறது என்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பாம்பை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஏமாந்தவர் ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வியே “பாம்பு எதுக்கு வாங்கினீங்க?” என்றுதான் வரும். அதனால் போகமாட்டார். திருடனுக்கும் பறிகொடுத்தவருக்கும் ஒரே வக்கீல் போதும்.

சித்தப்பாவுக்கு மற்ற ஏமாற்றுப் படங்களும் தெரியும், ஆனால் தரம் பிரித்து வைத்திருக்கிறார். 1972-இல் வந்த ‘காசேதான் கடவுளடா’வில் டீ விற்கிற தேங்காய் சீனிவாசன் சாமியாராகிவிடுவாரே, அது முதல் தரம். “வேலைக்கு ஏத்த யூனிபாரம்” என்பார். 1981 ‘தில்லு முல்லு’வை ஏமாற்றில் சேர்க்கவே மாட்டார். வேலை போய்விடக்கூடாது என்று மீசையை எடுத்தவன்மேல் என்ன கேஸ் போடுவது? ‘சூது கவ்வும்’ அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் விஜய் சேதுபதி ஆள் கடத்துவதற்கு விதிமுறைகள் வைத்திருப்பார். “ரூலு போட்டு வேலை செய்யறவன் எங்கடா முன்னேறினான்?” என்றார், வெளியே தம் உப்புப் பாத்தியைப் பார்த்தபடி. அந்தக் குரலில் சினிமா விமர்சனத்தைவிட வேறேதோ அதிகமாக இருந்தது.

சித்தப்பா சின்ன அளவில் உப்பளம் குத்தகை எடுத்துச் செய்கிறவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்கள் மரக்காணத்தில் இறங்கி, வெள்ளைக் குவியல்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்களே, அந்தக் குவியல்களில் இரண்டு மூன்று அவருடையவை. உப்புக்காரரை ஏமாற்றுவது லேசில்லை. மிதவைக் குழாயைத் தண்ணீரில் விட்டு டிகிரி பார்ப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை காட்டும். வெயிலில் வற்றி வற்றி 25-ஐத் தொட்டால் உப்பு உட்காரும். சித்தப்பா குழாயைப் பார்த்துவிட்டு, விரலை முக்கி நாக்கில் வைத்தும் பார்ப்பார். குழாய் செய்தவன் யாரோ எவனோ. வானிலை அறிக்கையை நம்ப மாட்டார். வியாபாரியின் தராசை நம்பவே மாட்டார். மூட்டையைத் தோளால் ஒரு தடவை முட்டிப் பார்த்து அவர் சொல்கிற எடைதான் கடைசி எடை.

இப்படிப்பட்டவரைத் தேடி ஒரு புரோக்கர் வந்தான். வந்தது ஐப்பசியில். தொழில் தெரிந்தவன் ஐப்பசியில்தான் வருவான். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் முழுகிக் கிடக்கும். சீசனில் சம்பாதித்தது கொஞ்சம் கையில் இருக்கும், தை வரைக்கும் செய்வதற்கு வேலை இருக்காது. இந்த மாதங்களுக்காகத்தான் அரசாங்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. காலண்டரைப் புரோக்கரும் பார்த்திருக்கிறான்.

மஞ்சப்பையிலிருந்து வேட்டியில் சுற்றிய ஒரு சொம்பை எடுத்தான். கறுத்துப்போன செம்பு. கோயில் கலசமாக இருந்ததாம், இடி விழுந்து இரிடியம் ஆகிவிட்டதாம். பேப்பரை விரித்து, தான் கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிடி அரிசியைக் கொட்டினான். சொம்பைக் கிட்டே கொண்டுபோனான். சரசரவென்று அரிசி போய் ஒட்டிக்கொண்டது. நான் வாயைப் பிளந்தேன். அமெரிக்காவில் ராக்கெட் விடுகிறவர்கள் இதைக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்களாம். நாம் பரிசோதனைச் செலவுக்கு ஒரு சின்னத் தொகை போட்டால் போதுமாம். (2018-இல் டெல்லியில் இதே சொம்பை நாசாவுக்கு விற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு தொழிலதிபரிடம் 1.43 கோடி ரூபாய் பறித்ததாக அப்பனையும் பிள்ளையையும் போலீஸ் பிடித்தது. கதிர்வீச்சைத் தடுக்கும் உடை என்று அவர்கள் வைத்திருந்த வெள்ளி நிறக் கவசத்தைப் பார்த்தால் மாறுவேடப் போட்டிக்கு அவசரமாகத் தைத்ததுபோல இருக்கும்.)

சித்தி உள்ளே போய் ஒரு படி அரிசியோடு வந்தார். “இதை இழுக்கச் சொல்லுப்பா.” சொம்பு ஒரு மணியைக்கூட அசைக்கவில்லை.

“ரேஷன் அரிசிங்களா? அதுக்குப் பிடிக்காதுங்கம்மா” என்றான் புரோக்கர், கண் சிமிட்டாமல்.

“எங்க மாப்பிள்ளைக்கும்தான் பிடிக்காது. ஆனா திம்பாரு.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது ரேஷனில் போட்டது செறிவூட்டிய அரிசி. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் இரும்புச்சத்து ஏற்றிக் கலந்துதான் தந்தார்கள். அரசாங்கம் ஏற்றிய இரும்புக்கு மசியாத சொம்பு, அவன் பொட்டலத்து அரிசிக்கு மட்டும் மசிந்தது. இந்தத் தொழிலில் அரிசிக்கு இரும்புத் தூள் ஏற்றுவார்கள், சொம்பின் அடியில் காந்தம் வைப்பார்கள். நிஜ இரிடியத்தை 1803-இல் லண்டனில் ஸ்மித்சன் டெனன்ட் என்பவர் கண்டுபிடித்தார். அது காந்தம் இல்லை. அரிசியோடு அதற்கு வரவுசெலவும் இல்லை. ஆனால் கனம் அசாத்தியம். ஒரு லிட்டர் கொள்ளளவுக்குக் கெட்டியாக வார்த்தால் 22 கிலோவுக்கு மேல் நிற்கும்.

இந்த விவரமெல்லாம் அப்புறம் நான் படித்தது. சித்தப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. சொம்பை வாங்கி இடது கையால் ஒரு தூக்குத் தூக்கினார். முக்கால் கிலோ என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, இது உப்பை இழுக்குமா?”

புரோக்கர் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டான். “அரிசி மட்டும்தாங்கய்யா.”

“அரிசி கடையில கிடைக்குதேப்பா. அதை எதுக்கு இழுக்கணும்? பாத்தியில இருக்கிற உப்பை மேட்டுக்கு இழுத்துச்சின்னா கூலி மிச்சம். உப்பை இழுக்கறதா இருந்தா சொல்லு, இப்பவே பணம் வெக்கிறேன்.”

அவன் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. காந்தி பாபு வகையறாவின் மேதமையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். சொம்பை வேட்டியில் சுற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தான். ஒரு பாத்தி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாரலாம்? மூட்டைக்கு வியாபாரி என்ன தருகிறான்? குவியலைக் கீற்றுப் போட்டு மூடிய பிறகும் மழையில் எவ்வளவு கரையும்? வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசுமே, என்ன பண்ணுவீர்கள்? சித்தப்பா சொல்லிக்கொண்டே போனார். டீ இரண்டு தடவை வந்தது. அளக்க வருகிற அதிகாரியும் ஓட்டுக் கேட்க வருகிறவரும் அந்த வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். அவருடைய சொந்தப் பிள்ளை போனில் “சாப்டியாப்பா” என்பதோடு சரி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சித்தப்பாவிடம் உப்பைப் பற்றிக் கேட்ட முதல் மனிதன் அவரை ஏமாற்ற வந்தவன்.

வினோத் தம் படத்தில் பிடித்ததும் இந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நாம் தியேட்டரில் சௌகரியமாகச் சிரித்துவிட்டு வருகிறோம். காந்தி பாபு ஒவ்வொருவர் எதிரிலும் எப்படி உட்காருகிறான் என்று பாருங்கள். அவனைப்போல நம்மைக் கவனித்துக் கேட்கிறவர்கள் சொந்தத்திலேயே குறைவு.

போகும்போது சித்தப்பா அவனுக்கு ஒரு பை உப்புக் கொடுத்தனுப்பினார். அவன் காசு நீட்டினான், இவர் வாங்கவில்லை. அவன் போன பிறகு “ஃபோர் ட்வென்ட்டிப் பய” என்று வாய் நிறையத் திட்டினார். மோசடிக்கான பிரிவு 2024 ஜூலையிலிருந்து 318 ஆகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். “அது புதுசா வர்றவனுங்களுக்கு” என்றார்.

மாசி பிறந்து, பாத்தியில் மறுபடி உப்பு பூக்கத் தொடங்கிய ஒரு நாள் சித்தப்பாவின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் என்னை எடுக்கச் சொன்னார். அதே குரல்.

“ஐயா இருக்காரா தம்பி? அவர் கேட்ட ஐட்டம் ஒண்ணு வந்திருக்கு. உப்பு இழுக்கிறது. ரேட்டு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து யோசித்தார்.

“கல்லுப்பா, தூளான்னு கேளு.”